டிரோன் பறக்கவிடும் முன்: வாசகர் கேள்விகள்

இந்த இதழில் டிரோன் பற்றிய கேள்விகள் மட்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் ஆசிரியர் எல்லாக் கடிதங்களையும் என்னிடமே அனுப்பிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

கேள்வி: என்னிடம் 249 கிராம் எடையுள்ள டிரோன் இருக்கிறது. இந்த எடைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று யூடியூபில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 50 அடி உயரத்துக்குள் மட்டும் பறக்கவிட்டால் தப்பா? விமானங்கள் அதைவிட எவ்வளவோ உயரத்தில்தானே போகின்றன?
— கல்லூரி மாணவர், பம்மல்

பதில்: தம்பி, யூடியூபில் சொன்னது பாதிதான் சரி. நம் நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை யார் இயக்கினாலும், மைக்ரோவை வியாபார நோக்கமில்லாமல் இயக்கினாலும், ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். அந்த விலக்கு இயக்குகிற ஆளுக்கு. எந்த வானத்தில் இயக்கலாம் என்பது வேறு விதி. அதில் எடை குறைந்த டிரோனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

நாட்டின் வான்பரப்பை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்து ‘டிஜிட்டல் ஸ்கை’ என்ற அரசு இணையதளத்தில் வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாரையும் கேட்காமல் பறக்கவிடலாம். மஞ்சள் என்றால் அந்தப் பகுதியின் ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் அனுமதி தர வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. செயல்பாட்டில் உள்ள விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 200 அடி வரை மட்டும் பச்சை, அதற்கு மேல் மஞ்சள். 8 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் தரையிலிருந்தே அனுமதி தேவை. விமான நிலையத்தை ஒட்டிய பகுதி சிவப்பு.

பம்மலில் இருந்து மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுதளத்தின் மேற்கு முனை இரண்டு கிலோமீட்டர் அளவுதான். உங்கள் மாடியில் 50 அடிக்கு மட்டும் இல்லை, 5 அடிக்கும் அனுமதி வேண்டும்.

‘விமானம் உயரத்தில்தானே போகிறது’ என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் விதியின் அடிப்படையே இதுதான். தரையிறங்கும் விமானம் ஏறத்தாழ 3 டிகிரி சரிவில் வரும். கணக்குப் போட்டால், தரை தொடும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி அது சுமார் 260 மீட்டர் உயரத்தில் இருக்கும். 3 கிலோமீட்டரில் 157 மீட்டர். 2 கிலோமீட்டரில் 105 மீட்டர்தான். குன்றத்தூர், அனகாபுத்தூர் பக்கமிருந்து விமானம் இறங்கும் நாளில் உங்கள் மாடியிலிருந்தே பாருங்கள். இறக்கையடியில் எழுதியிருக்கும் எழுத்துகூடத் தெரியும். நாடு முழுக்கப் பச்சையில் அனுமதிக்கப்பட்ட 120 மீட்டர் உயரம் அங்கே விமானம் வரும் உயரத்துக்கு மேலேயே இருக்கிறது.

நான் 50 அடியைத் தாண்ட மாட்டேனே என்பீர்கள். உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் டிரோன் உங்கள் பேச்சைக் கேட்பது சிக்னல் இருக்கும்வரை மட்டும். சிக்னல் அறுந்தால் பெரும்பாலான டிரோன்கள் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ என்ற நிலைக்குத் தாமாகவே போய்விடும். வழியில் மரமோ கட்டடமோ தட்டாமல் இருப்பதற்காக, முதலில் ஏற்கெனவே அமைத்து வைத்த உயரத்துக்கு ஏறிக்கொண்டு, அதன் பிறகுதான் திரும்பும். சில மாடல்களில் கடையில் வாங்கும்போதே அந்த உயரம் 100 மீட்டர் என்று அமைந்திருக்கும். 50 அடியில் நின்ற டிரோன், பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் மறைத்து சிக்னல் போன அடுத்த நிமிடத்தில் 100 மீட்டரில் நிற்கும். பம்மலில் அது எந்த உயரம் என்று மேலே கணக்குப் பார்த்தோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். திரையில் காட்டும் உயரம் டிரோன் கிளம்பிய இடத்திலிருந்து அளப்பது. மூன்றாவது மாடியில் இருந்து கிளப்பினால் அங்கேதான் பூஜ்யம். திருநீர்மலை உச்சியில் இருந்து கிளப்பினால் மலை உச்சிதான் பூஜ்யம்.

விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். விமானங்களில் டிரான்ஸ்பான்டர் என்ற கருவி இருப்பதால்தான் அவற்றின் எண்ணும் உயரமும் எங்கள் திரையில் வருகின்றன. உங்கள் டிரோனில் அது இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் கையகலப் பொருளை பைனாகுலரில் தேடினாலும் அகப்படாது. விமானிக்கு? இறங்கும் நேரத்தில் விமானம் நொடிக்கு 70 மீட்டர் போகிறது. 300 மீட்டரில் டிரோன் அவர் கண்ணில் பட்டால்கூட நான்கு நொடிதான் இருக்கிறது. அந்த நான்கு நொடியில் நூற்றைம்பது பேரோடு இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தை எந்தப் பக்கம் திருப்புவது?

பம்மலில் வேண்டாம் தம்பி. வரைபடத்தைத் திறந்து பச்சை எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே எடுத்துப் போங்கள். தெற்கே போனால் தாம்பரம் விமானப்படைத் தளம் குறுக்கே வரும். மீனம்பாக்கத்து வளையமும் தாம்பரத்து வளையமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அதனால் குத்துமதிப்பாகத் தூரம் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

கேள்வி: என் டிரோன் விமான நிலையம் பக்கத்தில் தானாகவே பறக்காது, செயலி தடுத்துவிடும் என்று நண்பன் சொல்கிறான். எங்கள் வீட்டில் பறந்தது. அப்படியென்றால் அனுமதி உள்ள இடம்தானே?
— சூலூர்

பதில்: இல்லை. முன்பு சில நிறுவனங்கள் விமான நிலையப் பக்கம் டிரோன் கிளம்பாதபடி மென்பொருளில் பூட்டுப் போட்டிருந்தன. உலகிலேயே அதிகம் விற்கும் டிஜேஐ நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டும்படி மாற்றியது. செயலியிலுள்ள வரைபடம் அந்த நிறுவனத்துடையது. நம் அரசு வரைபடத்தோடு அது ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டிரோன் மேலே எழும்பியது என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, பக்கத்திலேயே கோவை விமான நிலையம் பீளமேட்டில். இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கும் நீங்கள் ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்தே தீர வேண்டும். பறக்கவிடும் முன் அறிவிப்புகளைப் பார்ப்பது விதியிலேயே சொல்லப்பட்ட கடமை. பிரமுகர் வருகை, பாதுகாப்பு என்று எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம். நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகியிருக்கும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுப்பவன் நான். திருவானைக்காவல் பக்கம் ஒரு மண்டபம். ஏர்போர்ட்டில் இருந்து 9 கிலோமீட்டருக்குக் குறையாது. மாப்பிள்ளை அழைப்பை மேலிருந்து எடுக்கக் கேட்கிறார்கள். எடுக்கலாமா?
— திருச்சி

பதில்: நீங்கள் காசு வாங்கிக்கொண்டு எடுக்கிறீர்கள். எனவே பொழுதுபோக்குக்காரருக்கு உள்ள விலக்கு உங்களுக்கு இல்லை. உங்களிடம் இருப்பது மைக்ரோ என்றால் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் படித்து வாங்கிய ரிமோட் பைலட் சான்றிதழ், டிரோனுக்குப் பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீடு மூன்றும் வேண்டும்.

தூரம் நீங்கள் சொன்னபடி என்றால் 8-லிருந்து 12 கிலோமீட்டர் வளையத்தில் இருக்கிறீர்கள். 200 அடி, அதாவது 60 மீட்டர்தான் உச்சம். மலைக்கோட்டையே 83 மீட்டர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். கல்யாண ஊர்வலத்துக்கு 60 மீட்டர் தாராளம். கோயில் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும். கூட்டத்தின் தலைக்கு நேர் மேலேயும் நிறுத்தாதீர்கள். பேட்டரி கழன்று விழுந்தால் கீழே குழந்தைகள் இருப்பார்கள்.

கேள்வி: பறவைகள் தினமும்தான் விமானத்தில் மோதுகின்றன. ஒரு பொம்மை டிரோனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன்? இதுவரை உண்மையிலேயே எங்காவது மோதியிருக்கிறதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: நியாயமான கேள்வி ஐயா. மோதியிருக்கிறது.

2017 அக்டோபர் 12 அன்று கனடாவின் கியூபெக் நகர விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சிறு பயணிகள் விமானத்தின் இறக்கையில் டிரோன் மோதியது. உள்ளே எட்டுப் பேர். சேதம் சிறிது என்பதால் பத்திரமாக இறங்கினார்கள். டிரோனை இயக்கியவர் அகப்படவே இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு நியூயார்க் பக்கம் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றில் ஒரு டிரோன் மோதியது. டிரோனின் மோட்டாரும் அதைத் தாங்கும் கையின் ஒரு துண்டும் ஹெலிகாப்டருக்குள்ளேயே கிடந்தன. அதிலிருந்த எண்ணை வைத்து விசாரணை அதிகாரிகள் உரிமையாளரைத் தேடிப் போனார்கள். தன் டிரோன் ஹெலிகாப்டரில் மோதியது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்கே தெரியாத தூரத்தில் அதைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

2025 ஜனவரி 9-ஆம் தேதி நடந்தது எனக்கு இவை எல்லாவற்றையும்விட வேதனையானது. லாஸ் ஏஞ்சல்ஸில் காட்டுத்தீ ஊரையே தின்றுகொண்டிருந்த நேரம். தண்ணீர் மொண்டு தீயில் கொட்ட கனடாவிலிருந்து வந்திருந்த விமானத்தின் இடது இறக்கையில் ஒரு டிரோன் மோதி, ஏறக்குறைய 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை. விமானி தரையிறங்கிய பிறகுதான் ஓட்டை தெரிந்தது. தீயணைக்க வேண்டிய நாட்களில் அந்த விமானம் பட்டறையில் நின்றது. பறக்கவிட்டவர் தீ எப்படி எரிகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒரு கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து அனுப்பியிருக்கிறார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பழுதுச் செலவைக் கட்டவும் 150 மணி நேரம் சமூக சேவை செய்யவும் சம்மதித்தார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இந்த மூன்று சம்பவங்களிலும் யாரும் விமானத்தை வீழ்த்த நினைத்தார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை.

பறவையோடு ஒப்பிட்டீர்கள். விமான வேகத்தில் மோதும்போது பறவையின் உடல் தண்ணீர்ப் பை உடைவது போலச் சிதறிப் பரவிவிடும். டிரோனில் கெட்டியான பேட்டரி, உலோக மோட்டார், கேமரா இருக்கின்றன. இவை சிதறாமல் துளைக்கும். அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகத்தில் 2018-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான டிரோனை மணிக்கு சுமார் 380 கிலோமீட்டர் வேகத்தில் சிறு விமானத்தின் இறக்கை மீது ஏவினார்கள். அது மேல்தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், இறக்கையைத் தாங்கும் முக்கிய உத்திரத்தையே சேதப்படுத்தியது. ஜெல்லி போன்ற செயற்கைப் பறவையை அதே போல ஏவியபோது மேலே அதிகம் நசுங்கியது, உத்திரம் வரை போகவில்லை. அந்த வேகம் மிகைப்படுத்தப்பட்டது என்று டிரோன் நிறுவனம் மறுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே எடை, ஒரே வேகம் என்றால் பறவையைவிட டிரோன் அதிகம் சேதம் செய்யும் என்பதை அமெரிக்க விமானத் துறைக்காகப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ஆய்வும் சொல்கிறது.

அப்புறம், மோதாமலே வரும் சேதம். 2018 டிசம்பரில் லண்டனின் காட்விக் விமான நிலையத்தில் டிரோன் தெரிந்தது என்ற தகவலால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் ஏறக்குறைய 1,000 விமானங்கள் ரத்தாயின அல்லது வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. 1,40,000 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். யார் பறக்கவிட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. அங்கே டிரோனே இல்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் டவரில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘டிரோன் தெரிகிறது’ என்று ஒரு விமானி சொன்னால், அது உண்மையா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க நேரம் கிடையாது. இறங்குகிற விமானத்தை மேலே போகச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவற்றை வட்டமடிக்க வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எரிபொருள் எவ்வளவு என்று கேட்க வேண்டும். குறைவாக இருப்பவர் பெங்களூருக்கோ திருச்சிக்கோ திரும்புவார். அந்த விமானத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் இருப்பார், சாவு வீட்டுக்குப் போகிறவர் இருப்பார். நான் பார்த்த வேலை அது. இதை ஆர்ப்பாட்டம் என்று என்னால் நினைக்க முடியவில்லை ஐயா.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, மகனின் பிறந்தநாளுக்கு கேமரா டிரோன் வாங்கி வருகிறேன் என்கிறான். நாங்கள் இருப்பது புதுக்கோட்டைப் பக்கம் கிராமம், விமான நிலையமே இல்லை. பிரச்சினை வருமா?
— இல்லத்தரசி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: வாங்கி வர வேண்டாம் என்று இன்றே தம்பிக்குச் சொல்லிவிடுங்கள் சகோதரி. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. முழுதாகக் கொண்டுவந்தாலும், பிரித்துப் பெட்டியில் வைத்தாலும் தடைதான். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. கஸ்டம்ஸில் எடுத்துக்கொள்வார்கள், காசும் போய் தம்பிக்கும் அலைச்சல். பையனுக்கு ஆசை இருந்தால் இங்கே தயாரித்த நானோ டிரோனை ரசீதோடு வாங்குங்கள். உங்கள் கிராமம் பச்சையில் இருந்தால் 400 அடிக்குக் கீழே, பகலில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறக்கவிடச் சொல்லிக்கொடுங்கள். பச்சையான ஊரில் வளரும் பையன் கொடுத்துவைத்தவன்.

கேள்வி: பெரிய கோயிலை அதிகாலையில் மேலிருந்து படம் பிடிக்க நீண்ட நாள் ஆசை. ஒரு பத்து நிமிடம் போதும்.
— தஞ்சாவூர்

பதில்: ஆசை புரிகிறது. ஆனால் அங்கே இரட்டைத் தடை. கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அவர்கள் எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். அடுத்தது தஞ்சை விமானப்படைத் தளம். 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய் போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. ஊரின் அந்தக் கோடியில்தானே இருக்கிறது என்று தோன்றும். போர் விமானத்துக்கு அந்தத் தூரம் ஒரு நிமிடம்கூட இல்லை. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் டிரோன் விதிகளின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வேறு சட்டங்களின் கீழ் போலீஸ் தனியாக வழக்குப் போடவும் வழி இருக்கிறது.

கேள்வி: பச்சை மண்டலத்தில்தான் பறக்கவிடுகிறேன். ஆனால் காற்றில் அடித்துக்கொண்டு போய் டிரோன் விமான நிலையம் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது.
— தூத்துக்குடி

பதில்: பயப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் பயப்படுகிறீர்கள், நல்லது. காற்று பலமாக இருக்கும் நாளில் எடுக்காதீர்கள். ரிட்டர்ன் டு ஹோம் உயரத்தை அக்கம்பக்கத்து மரத்தைத் தாண்டும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பாதிக்கு வந்ததும் திருப்பிவிடுங்கள், ஏனென்றால் எதிர்க்காற்றில் திரும்பி வரத்தான் அதிகம் செலவாகும்.

இதையும் மீறிப் போய்விட்டால், தேடிக்கொண்டு பைக்கில் ஓடாதீர்கள். முதலில் 112-க்கு அழையுங்கள். விமான நிலைய எண் கையில் இருந்தால் அங்கேயும் சொல்லுங்கள். வாகைக்குளம் விமான நிலையத்தின் எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கைவிட்டுப் போனது, எந்தத் திசையில், கடைசியாகத் திரையில் காட்டிய உயரம் எவ்வளவு, பேட்டரி எத்தனை சதவீதம் மிச்சம், இந்த ஐந்தும் வேண்டும். பேட்டரி 30 சதவீதம் இருந்தது என்று நீங்கள் சொன்னால், இன்னும் எத்தனை நிமிடம் விமானங்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்று டவரில் இருப்பவர் கணக்குப் போட்டுவிடுவார். திட்டுவார்களோ என்று போனை அணைத்துவிடாதீர்கள். அவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள்.